காஜா நவாஸின் மூக்கும் அக்காள்மடத்து வள்ளமும்

பெரியபட்டினத்தில் காஜா நவாஸைத் தெரியாத ஆள் இருக்கலாம். அவருடைய மூக்கைத் தெரியாத ஆள் கிடையாது. பார்க்க, எல்லாருக்கும் இருக்கிற மாதிரி ரெண்டு துளை வைத்த சாதாரண மூக்குதான். ஆனால் தெருவின் அந்தக் கோடியில் ஒரு வீட்டில் சோறு அடிப்பிடித்தால் இந்தக் கோடியில் இவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிடுவார். பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டிக்கு வயிறு சரியில்லை என்பதை ஆட்டுக்குட்டிக்கே முதலில் சொன்னவர் அவர்தான். கல்யாணப் பந்தியில் பிரியாணி தேக்சாவின் மூடியைத் திறக்கும் முன்னே, "இந்த நெய்யி போன நோம்புக்கு வாங்குனது" என்று சொல்லி, மாப்பிள்ளை வீட்டையும் பெண் வீட்டையும் ஆறு மாசம் பேசாமல் இருக்க வைத்தவர்.

அந்த மூக்கு சும்மா வரவில்லை. இருபத்திரண்டு வருஷம் ஷார்ஜாவில் ஓர் அத்தர் கடையில் வேலை பார்த்தது. காலையில் கடை திறந்தால் இரவு பூட்டும்வரை குப்பியைத் திறப்பதும் மோப்பதும் மூடுவதும்தான். வருகிற ஆளின் சட்டைக் கையை மோந்து பார்த்தே அவருக்கு எந்த அத்தர் பொருந்தும் என்று எடுத்து நீட்டுவார். முதலாளி அந்த மூக்குக்குத் தனியாகச் சம்பளம் கொடுக்க நினைத்ததாகவும், மூக்கின் பெயரில் பாஸ்போர்ட் இல்லாததால் விட்டுவிட்டதாகவும் ஊரில் ஒரு பேச்சு உண்டு.

இந்தத் தடவை ரெண்டு மாச லீவில் வந்தவர், மூன்றாம் நாள் ராத்திரிச் சாப்பாட்டில் தன் மனைவி மர்ஜானாவிடம், "இனிமே நான் போகலை" என்றார்.

மர்ஜானா மீன் துண்டைக் கரண்டியோடு பிடித்தபடி நின்றாள். "அங்கன என்ன கொறச்சல் மச்சான்?"

"நாத்தம்."

"அத்தர்க் கடையிலயா?"

"பகலெல்லாம் அத்தரு. ராத்திரி ரூம்ல எட்டுப் பேரு சாக்ஸு. ஒரு மனுசன் மூக்குக்கு இது ஆகுமா? ஊது அத்தரு வாசன வந்தாலே இப்ப எனக்குக் கொமட்டுது. போன மாசம் ஒரு அரபி வந்து கைய நீட்டுறாரு, நான் அவர் சட்டையிலயே..." அவர் கையால் வாயிலிருந்து நெஞ்சுவரை ஒரு கோடு போட்டுக் காண்பித்தார்.

"இங்கன இருந்து என்ன செய்வீக?"

அத்தருக்கு முன்னால் நவாஸுக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான். மீசை முளைக்கிற வயசில் வாப்பாவோடு நண்டு வலைக்குப் போனது. ஆகவே மீன் பிடிக்க ஒரு வள்ளம் வாங்குவது என்று முடிவாயிற்று. அத்தர் நாற்றம் பிடிக்காமல் ஓடி வந்த மனுஷன் மீன் நாற்றத்துக்குள் போய் விழுவதா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும், "நம்ம கடலு நாறாது" என்று சொல்லியிருப்பார். இருபத்திரண்டு வருஷத்தில் கடலும் மறந்து போயிருந்தது, நண்டும் மறந்து போயிருந்தது.

அக்காள்மடத்தில் பொன்னுச்சாமி என்பவர் தன் வள்ளத்தை விற்கப் போகிறார் என்று கேள்விப்பட்டு, மர்ஜானாதான் போனில் பேசினாள். அவர் ஒரு வீடியோ அனுப்பினார். நீலமும் மஞ்சளும் அடித்து, வெயிலில் புது மாப்பிள்ளை மாதிரி மினுங்கிக்கொண்டு நின்றது வள்ளம். உள்ளே டீசல் எஞ்சின். எத்தனை வருஷத்து எஞ்சின் என்று கேட்டதற்குப் பொன்னுச்சாமி, "நல்லா ஓடுன எஞ்சினுங்க" என்றார். ஓடுன என்றாரே, ஓடுற என்று சொல்லவில்லையே என்பதை இவர்கள் யாரும் காதில் வாங்கவில்லை. கையில் இருந்ததெல்லாம் வள்ளமாக மாறிப் பெரியபட்டினம் கரையில் வந்து இறங்கியது.

இறங்கிய அன்று கரையில் நின்ற காக்கைகள் எழுந்து ஏர்வாடிப் பக்கம் பறந்து போய்விட்டன. நவாஸ் ரெண்டு அடி வைத்தார், நின்றார், கைலியைத் தூக்கி மூக்கைப் பொத்தினார். கைலி பத்தவில்லை. சட்டையைக் கழற்றி அதற்கு மேலே பொத்தினார்.

"வீடியோல இது வரலையே மர்ஜானா!"

"வீடியோல நாத்தம் எப்படி மச்சான் வரும்?"

எஞ்சின் வேலைக்கு மாரீஸ்வரனைத்தான் கூப்பிட்டார். உச்சிப்புளிப் பக்கத்து ஆள். நவாஸோடு ஆறாம் வகுப்புவரை ஒரே பெஞ்சில் இருந்தவர். ராமநாதபுரம் கரையில் எந்த வள்ளத்துக்கு உயிர் போனாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஆள் நல்லவர், வேலை தங்கம், ஆனால் சுத்தம் என்கிற சொல்லை அவர் எழுத்துக்கூட்டிக்கூடப் படித்ததில்லை. அவர் உடம்பில் ஒட்டியிருக்கிற கிரீஸைச் சுரண்டினால் ரெண்டு லாரிக்குச் சர்வீஸ் பண்ணலாம். போதாததற்கு அவரிடம் ஒரு வழக்கம். எந்தக் கோளாறையும் நாக்கால்தான் கண்டுபிடிப்பார்.

முதல் நாள் ரெண்டு பேரும் அடிப்பலகையைத் தூக்கினார்கள். உள்ளே முழங்கால் ஆழத்துக்குக் கறுப்புத் தண்ணீர். டீசல், கணவாய் மை, மீன் ரத்தம் எல்லாம் சேர்ந்து பாகு மாதிரி இறுகிப் போய், காற்றடித்தால் ஆடாமல், தொட்டால் மட்டும் ஒரு முறை குலுங்கி நின்றது. மேலே செத்த நண்டுகள் கால் பரப்பி மிதந்தன. ஒரு ஒற்றைச் செருப்பு. பழைய பூஜைகளுக்கு வைத்த எலுமிச்சைகள், கோலிக்குண்டு மாதிரிச் சுருங்கிப் பத்துப் பதினைந்து. மூலையில் ஒரு எலி. அது செத்த தேதி அதற்கே மறந்து போயிருக்கும்.

நவாஸ் மூன்று முறை வாந்தி எடுத்தார். நாலாவது முறைக்கு உள்ளே எதுவும் இல்லாததால் சத்தத்தை மட்டும் எடுத்தார்.

மாரீஸ்வரன் அந்தக் கறுப்புத் தண்ணீரில் ஒரு விரலை விட்டு, எடுத்து, நாக்கில் வைத்தார். நாக்கை மேலண்ணத்தில் தட்டிப் பார்த்தார்.

"உப்பு மாப்ள. மழத்தண்ணியா இருந்தா சப்புனு இருக்கும். இது கீழேருந்து கடத்தண்ணி ஏறுது. பலக இடுக்கெல்லாம் கலப்பத்து போயிருச்சு. புதுசாப் பஞ்சு வச்சு அடைக்கணும்."

"ஏலே மாரி... நீ மனுசனாடா?"

"மனுசந்தேன். ஒனக்கு மூக்கு, எனக்கு நாக்கு. ஆண்டவன் ஆளுக்கு ஒண்ணு குடுத்திருக்கான்."

"இனிமே நீ என் வீட்டுல டீ குடிக்கக் கூடாது."

"சரி, நீ எடுத்த வாந்தியக் கழுவு மொதல்ல. அது வேற சேந்துபோச்சு."

இருபது நாள் அந்த வள்ளத்தின் வயிற்றுக்குள் கிடந்தார் நவாஸ். வாளி வாளியாகக் கோரி ஊற்றினார். சோப்புத்தூளைக் கொட்டித் தென்னை மட்டையால் தேய்த்தார். நுரை வெள்ளையாகப் போனது, கறுப்பாக வந்தது, நாற்றம் அப்படியே இருந்தது. இரவில் வீட்டுக்குப் போனால் மர்ஜானா வாசலிலேயே ஒரு குடம் தண்ணீரோடு நிற்பாள். ஐந்து தடவை குளித்தாலும் காதுக்குப் பின்னாலிருந்து அந்தச் செத்த எலி எட்டிப் பார்க்கும். தொழுகைக்குப் போனால் இவருக்கு ரெண்டு பக்கமும் ஓர் ஆள் இடம் விட்டு நின்றார்கள். இமாம் ஒருநாள் மெதுவாக, "காஜா, நீங்க ஷார்ஜாவுலேருந்துதானே வந்தீக?" என்று கேட்டார்.

பலகை இடுக்குகளில் பஞ்சைத் திணித்துக் குங்கிலியம் காய்ச்சி ஊற்றி முடித்ததும், மரம் கெடாமல் இருக்கச் சுறா எண்ணெய் பூச வேண்டும் என்றார் மாரீஸ்வரன். தகர டின்னைத் திறந்தார். ஒரு நாய் ஓடியது. இன்னொரு நாய் பாசத்தோடு கிட்ட வந்தது. நவாஸ் ரெண்டு மூக்குத் துளையிலும் பஞ்சைத் திணித்துக்கொண்டு வாயால் மூச்சு விட்டுப் பூசினார். பத்து நிமிஷத்தில் நாற்றம் நாக்கில் வந்து உட்கார்ந்தது. மூக்கைக் கூட மூடிவிடலாம் போலிருக்கிறது, தொண்டையை எங்கே கொண்டுபோய் மூடுவது? பொன்னுச்சாமியையும், அவருக்கு வள்ளம் விற்றவரையும், அவருக்கும் முன்னால் அதைக் கட்டிய ஆசாரியையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ஏசிக்கொண்டே பூசி முடித்தார்.

எஞ்சினைத் திறந்தபோது காற்று வடிகட்டிக்குள் கரப்பான் பூச்சிகள் நாலு தலைமுறையாகக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன. ஒன்று நவாஸின் கைலிக்குள் போய், எங்கேயோ போய், அப்புறம் வெளியே வந்தது. அதைப் பற்றி அவர் யாரிடமும் பேச விரும்பவில்லை. மாரீஸ்வரன் எஞ்சின் ஆயில் கம்பியை உருவி அதையும் ஒரு நக்கு நக்கினார். "உப்பு இல்ல. தண்ணி உள்ள போகலை. எஞ்சினு உசுரோட இருக்கு மாப்ள!" என்று துள்ளினார். நவாஸ் திரும்பிக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இதற்கெல்லாம் ஒரு கெடு இருந்தது. வள்ளம் இன்னும் பொன்னுச்சாமி பெயரில்தான் இருந்தது. பெயர் மாற வேண்டுமென்றால் மீன்வளத்துறை ஆய்வாளர் நேரில் வந்து வள்ளத்தைப் பார்க்க வேண்டும், எஞ்சின் ஓடுவதைப் பார்க்க வேண்டும். ஆய்வாளர் முருகலட்சுமி இந்தக் கரைக்குப் புதன்கிழமை காலை வருகிறார். அதை விட்டால் அடுத்த மாசம். நவாஸின் திருச்சி விமானம் சனிக்கிழமை. லீவு தாண்டினால் ஷார்ஜாவில் வேறு மூக்கு வைத்துக்கொள்வார்கள். வள்ளம் பெயருக்கு வந்தால் கடல், வராவிட்டால் அத்தரும் சாக்ஸும். ஊர் முழுக்க இது தெரியும். டீக்கடையில் ரெண்டு கட்சியாகப் பிரிந்து பேசினார்கள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மாரீஸ்வரன் ஹேண்டிலைப் போட்டுச் சுழற்றினார். ஒன்று, ரெண்டு, மூன்று. எஞ்சின் ஒரு முறை இருமியது. அப்புறம் நூறு பீடி குடித்த கிழவன் மாதிரி தொடர்ச்சியாக இருமி, கறுப்புப் புகையை மொத்தமாக நவாஸின் முகத்தில் துப்பிவிட்டு, டப டபவென்று ஓட ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தில் மண்டபம் ஊரில் படுத்திருந்தவர்கள்கூட எழுந்து உட்கார்ந்திருப்பார்கள். நவாஸின் முகத்தில் வெள்ளையாக இருந்தது பல் மட்டும்தான்.

"ஓடுது மாரி!"

"ஓடுதுல்ல? நாளைக்கு மேடம் முன்னாடி ஒரு சுத்து. அம்புட்டுத்தேன்."

புதன்கிழமை காலை பத்து மணி. ஆய்வாளர் முருகலட்சுமி குடையும் கையுமாக வந்தார். கடலில்லாத ஊர்க்காரர் போலிருக்கிறது; வள்ளத்துக்குப் பத்தடி தூரத்திலேயே நின்று, கைக்குட்டையில் ரெண்டு சொட்டு யூகலிப்டஸ் தைலம் விட்டு மூக்கில் வைத்துக்கொண்டார். நவாஸுக்கு அந்தக் கைக்குட்டையைப் பார்த்துக் கண் கலங்கியது. சுற்றிலும் இருபது பேர் கூடியிருந்தார்கள். சற்றுத் தள்ளி, துப்பட்டியைத் தலையில் போட்டுக்கொண்டு மர்ஜானா.

"எஞ்சின ஓட்டிக் காட்டுங்க. பதினோரு மணிக்கு நான் அடுத்த ஊருக்குப் போகணும்" என்றார் ஆய்வாளர்.

மாரீஸ்வரன் ஹேண்டிலைச் சுழற்றினார். ஒன்று, ரெண்டு, பத்து. எஞ்சின் வாயைத் திறக்கவில்லை. இருபது தடவை சுழற்றியபோது மாரீஸ்வரனுக்குத்தான் புகை வந்தது.

"நேத்து ஓடுச்சு மேடம். அல்லா மேல ஆணையா ஓடுச்சு" என்றார் நவாஸ்.

"நேத்து ஓடினத நேத்துதான் எழுத முடியும். இன்னைக்கு ஓடணும்."

மாரீஸ்வரன் டீசல் வடிகட்டியின் அடியில் இருந்த திருகைக் கழற்றி, ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் பிடித்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மேலே மஞ்சளாக டீசல், கீழே ரெண்டு விரல் உயரத்துக்குத் தெளிவாகத் தண்ணீர்.

அவர் முகம் மாறிவிட்டது.

"டேங்குக்குள்ள தண்ணி ஏறியிருக்கு மாப்ள. உப்புத் தண்ணின்னா டேங்கு ஓட்டை. வள்ளத்தையே பிரிச்சாத்தேன் டேங்க எடுக்க முடியும். ஒரு மாசம் ஆகும். நல்ல தண்ணின்னா எவனோ ஊத்தியிருக்கான், வடிச்சிட்டா ஓடிரும்."

"அப்ப நக்கிப் பாருலே!"

மாரீஸ்வரன் பாவமாகப் பார்த்தார். மூக்கைச் சிந்தினார். "மூணு நாளா சளி மாப்ள. நாக்கு செத்துப் போச்சு. காலையில எம் பொண்டாட்டி காப்பியில உப்பப் போட்டுட்டா, அதையே சீனின்னு குடிச்சிட்டு வந்திருக்கேன். நீ நக்கு."

"நானா?"

"ஒன் வள்ளம். ஒன் டேங்கு."

நவாஸ் சுற்றிலும் பார்த்தார். இருபது பேரும் ஒரே நேரத்தில் ஒரு அடி பின்னால் போனார்கள். கூட்டத்தில் நின்ற சல்மான் என்கிற பையன் வலையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, "எனக்குக் கடலுக்கு நேரமாச்சு நவாஸ் காக்கா" என்றான். அவனுக்கு வள்ளமே கிடையாது.

"மேடம், பத்து நிமிசம்" என்றார் மாரீஸ்வரன்.

ஆய்வாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சீக்கிரம்."

நவாஸ் பாட்டிலை வாங்கினார். பாட்டிலின் வாயில் மாரீஸ்வரனின் கிரீஸ் விரல் ரேகை, அதற்கு மேல் ஒரு மீன் செதிள், அதற்கு மேல் ஒரு முடி. யாருடைய முடி என்று நினைக்கவே கூடாது என்று நினைத்து, நினைத்துவிட்டார். டீசலை மெதுவாகச் சாய்த்துக் கொட்டினார். மிச்சம் இருந்தது தண்ணீர் மட்டும். அதில் ஒரு விரலை விட்டார். வாய்க்குக் கிட்டே கொண்டுவந்தார். பழக்க தோஷம், முதலில் மூக்குக்குப் போனது விரல்.

அங்கேயே நின்றது.

மறுபடியும் மோந்து பார்த்தார். கண்ணை மூடினார். ஷார்ஜாக் கடையில் நூறு குப்பிகளுக்கு முன்னால் நிற்பது மாதிரி, தலையைச் சற்றுச் சாய்த்து மூன்றாவது முறை இழுத்தார். டீசல். மீன். மாரீஸ்வரன். அவற்றுக்கெல்லாம் அடியில் மெல்லிசாக ஒரு ரோஜா.

"பன்னீரு" என்றார்.

"என்னது?"

"பன்னீரு மாரி. கடத்தண்ணி இல்ல. ஏர்வாடிக் கடையில விக்கிற பன்னீரு, பாதிக்குப் பாதி தண்ணி கலந்த கள்ளப் பன்னீரு." விரலை நாக்கில் வைத்தார். முகம் எட்டாகக் கோணியது. "உப்பு இல்ல!"

ஏர்வாடிப் பன்னீர் டீசல் டேங்குக்குள் எப்படி வந்தது? நவாஸ் மெதுவாகத் தலையைத் திருப்பினார். மர்ஜானா துப்பட்டி முனையை வாயில் கடித்துக்கொண்டு நின்றாள்.

"நீயா?"

"ஒரு போத்தல்தான் மச்சான்."

"ஒரு போத்தலா!"

"திங்கக்கிழம தர்காவுல ஓதி ஊதி வாங்குனது. நீங்க என்ன சொன்னீக, வள்ளத்து மேல தெளின்னீக. மேல தெளிச்சா எப்படிக் கேக்கும்? நோயாளிக்கு ஓதுன தண்ணிய மேலயா தெளிப்பாக? குடிக்கத்தான குடுப்பாக? அதான் நேத்து மாரி அண்ணன்கிட்ட, எஞ்சினு எந்த வாயால குடிக்கும்னு கேட்டேன். டேங்கு மூடியக் காட்டுனாரு. நீங்க ரெண்டு பேரும் வீட்டுக்குப் போனதும் வந்து ஊத்துனேன்."

எல்லாரும் மாரீஸ்வரனைப் பார்த்தார்கள்.

"தங்கச்சி எஞ்சினப் பத்தித் தெரிஞ்சுக்க ஆசப்படுதுன்னு நெனச்சேன்" என்றார் மாரீஸ்வரன்.

"ஒரு மூடி ஊத்தியிருக்கக் கூடாதா?" என்றார் நவாஸ்.

"ஒரு மூடி ஊத்துனா ஒரு மாசம் இருப்பீக. எனக்கு எப்பவும் வேணும்னு முழுசா ஊத்துனேன்."

நவாஸுக்குக் கோபம் வந்து தொண்டையில் நின்றது. ஏற்கெனவே அங்கே டீசலும் பன்னீரும் நின்றதால் கோபத்துக்கு இடமில்லை. ஆய்வாளர் கைக்குட்டைக்குப் பின்னால் சிரித்தாரா இருமினாரா என்று தெரியவில்லை.

டேங்கின் அடித் திருகைத் திருப்பப் போனார் மாரீஸ்வரன். துருப்பிடித்துப் பலகையோடு சேர்ந்து பிறந்தது மாதிரி இருந்தது. சுத்தியலால் தட்டினார். ஸ்பேனர் உடைந்தது.

"திருகு வராது மாப்ள. குழாய உள்ள விட்டு அடியிலேருந்து உறிஞ்சித்தேன் எடுக்கணும். எனக்கு மூக்கு அடைச்சிருக்கு, உறிஞ்சுனா மூச்சு முட்டிச் செத்துருவேன்."

"மணி பத்து நாப்பது" என்றார் ஆய்வாளர்.

மாரீஸ்வரன் ஒரு பழைய ரப்பர் குழாயை எடுத்து நீட்டினார். அதை எதற்கெல்லாம் பயன்படுத்தியிருப்பார் என்று சொன்னால் படிக்கிற நீங்கள் சாப்பிட மாட்டீர்கள். நவாஸ் அதை ரெண்டு விரலால் பிடித்து, கைலியில் துடைத்தார். கைலி குழாயைவிட அழுக்காக இருந்தது. ஒரு முனையை டேங்கின் அடிவரை விட்டார். மறு முனையை வாய்க்கு முன்னால் கொண்டுவந்தார். மரிக்கொழுந்து, மல்லிகை, சந்தனம், ஊது என்று இருபத்திரண்டு வருஷம் தாலாட்டி வளர்த்த மூக்கு அவருடைய வாய்க்கு மேலே நின்று, வேண்டாம் வேண்டாம் என்று கெஞ்சியது.

"பிஸ்மில்லாஹ்" என்று கண்ணை மூடி உறிஞ்சினார்.

ஒரு இழுப்பு, ஒன்றும் வரவில்லை. ரெண்டாவது இழுப்பு, குழாய்க்குள்ளே ஏதோ ஊர்ந்தது. மூன்றாவது இழுப்பில் மொத்தமும் வாயில் இறங்கியது. டீசல், பன்னீர், டேங்கின் அடியில் பத்து வருஷமாகப் படுத்திருந்த சேறு, எல்லாம் சேர்ந்து ஒரு வாய். கன்னம் ரெண்டும் பலூனாக வீங்கியது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, மூக்கிலிருந்து டீசல் கொட்டியது. துப்பிவிட்டுக் குழாயை வாளியில் போட்டார். குழாய் தன்பாட்டுக்கு ஊற்ற ஆரம்பித்தது. கூட்டத்தில் ஒருவர் கை தட்டினார். ரெண்டு பேருக்கு வாந்தி வந்தது.

வாளியில் தண்ணீர் நின்று சுத்த டீசல் வரும்வரை மாரீஸ்வரன் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் வடிகட்டியைக் கழுவி மாட்டி, குழாய்களில் புகுந்திருந்த காற்றை வெளியேற்றி, புது டீசல் ஊற்றினார். மணி பத்து ஐம்பத்தைந்து. ஹேண்டிலைப் போட்டுச் சுழற்றினார். ஒன்று. ரெண்டு.

டப் என்றது. நின்றது.

"யா அல்லா" என்றாள் மர்ஜானா.

மூன்று. டப டப டபவென்று பிடித்துக்கொண்டது. கறுப்புப் புகை குபுகுபுவென்று வந்தது, அதில் லேசாக ஒரு ரோஜா வாசனை இருந்ததாக நவாஸ் ஒருவர்தான் இன்றும் சொல்கிறார். ஆய்வாளர் குடையை மடக்கி வைத்துவிட்டு, கிட்டே வந்து, அடிப்பலகையைப் பார்த்து, எண்ணைச் சரிபார்த்து, ஒரு பலகை மேல் தாளை வைத்து எழுதத் தொடங்கினார். நடுவில் பேனா நின்றது.

"நவாஸ் சார், விண்ணப்பத்துல தொழில்னு இருக்கிற இடத்துல வெளிநாட்டு வேலைன்னு போட்டிருக்கு. வெளிநாட்டுல இருக்கிறவருக்கு மீன்பிடி வள்ளம் நான் எப்படி மாத்தித் தர முடியும்? கடலுக்கு யார் போறது?"

கம்ப்யூட்டர் சென்டரில் யாரோ நவாஸின் பழைய அடையாள அட்டையைப் பார்த்துத் தட்டிவிட்டிருந்தார்கள். நவாஸ் வாயைத் திறந்தார். பேச்சுக்குப் பதில் ஒரு ஏப்பம் வந்தது. டீசல் ஏப்பம். ஆய்வாளர் ரெண்டு அடி பின்னால் போனார்.

"நான்தான் மேடம் போறேன்."

"நீங்களா? இந்த வாடைக்கே இப்படி ஆகுறீங்க. சனிக்கிழமை விமானம்னு வெளியில பேசிக்கிறாங்களே?"

நவாஸ் திரும்பி மர்ஜானாவைப் பார்த்தார். வள்ளத்தைப் பார்த்தார். சுறா எண்ணெய் வெயிலில் உருகி வழிந்துகொண்டிருந்தது. வாளியில் கறுப்புச் சேறு நுரைத்துக்கொண்டு நின்றது. அவருடைய மூக்கு மறுபடியும் என்னவோ சொல்ல வந்தது.

"விமானம் போகட்டும் மேடம். அத அடிச்சிட்டு மீனவர்னு எழுதுங்க. வெரசா எழுதுங்க, எனக்கு வருது."

ஆய்வாளர் அடித்தார், எழுதினார், கையெழுத்துப் போட்டார். அந்தத் தாளை மர்ஜானா கையில் கொடுத்து முடிப்பதற்குள், பெரியபட்டினத்தின் புது மீனவர் வள்ளத்தின் அந்தப் பக்கம் போய் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்துக் குனிந்துவிட்டார்.

சனிக்கிழமை விடிகாலை கரையிலிருந்து கொஞ்சம் தள்ளி ரெண்டு ஆள் ஆழத்தில் நண்டு வலையை இழுத்தபோது, முதலில் வந்தது நண்டு இல்லை. எங்கேயோ செத்து, மூன்று நாள் ஊறி, வலையில் வந்து சிக்கிய ஒரு பெரிய திருக்கை. எஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாரீஸ்வரனுக்கு அன்றைக்குச் சளி சரியாகியிருந்தது. அவர் சட்டென்று மூக்கைப் பொத்தினார்.

"தூக்கிக் கடல்ல போடு மாப்ள! என்னா நாத்தம்!"

நவாஸ் வலையிலிருந்து திருக்கையைப் பிரித்துக்கொண்டே முகத்தைச் சுளித்தார். "த்தூ! அல்லாவே, இதுக்கு அந்த அரபி சட்டையே தேவலை!" என்று ஏசினார். ஏசிக்கொண்டே அடுத்த வலையின் கயிற்றைக் கையில் எடுத்தார்.